பதினேழு வயதுக் காதலும் இருபது ஆண்டு சிறையும்

பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் 17 வயதுப் பெண்ணும் பாலிடெக்னிக் முடித்த 19 வயதுப் பையனும் காதலிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். விஷயம் வீட்டுக்குத் தெரிந்து எதிர்ப்பு கிளம்புகிறது. இருவரும் பஸ் ஏறி வெளியூர் போய்விடுகிறார்கள். பெண்ணின் அப்பா அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கிறார். சில நாட்களில் இருவரும் பிடிபடுகிறார்கள். பெண் முதலில் அரசு மருத்துவமனைக்கும், அங்கிருந்து குழந்தைகள் நலக் குழுவின் முன்பும், பெற்றோருடன் போக மறுத்தால் காப்பகத்துக்கும் அனுப்பப்படுகிறாள். பையன் சிறைக்குப் போகிறான். ‘நான்தான் அவரை வரச் சொன்னேன், அவர் மேல் தப்பில்லை’ என்று அவள் மாஜிஸ்திரேட்டிடம் வாக்குமூலம் கொடுக்கலாம். அந்த வாக்குமூலத்துக்குச் சட்டத்தில் எந்த எடையும் இல்லை. 18 வயது நிறையாதவர் அனைவரும் குழந்தைகள், குழந்தைக்குச் சம்மதம் சொல்லும் தகுதி கிடையாது என்பது போக்சோ சட்டத்தின் அடித்தளம். உறவு ஒரு முறை நடந்திருந்தால் குறைந்தபட்சத் தண்டனை 10 ஆண்டு. ஒரு முறைக்கு மேல் என்றாலோ, அவள் கருவுற்றிருந்தாலோ அது கடுமையான வகைக் குற்றமாக மாறி, குறைந்தபட்சம் 20 ஆண்டாகிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு இந்த வகைக் குற்றத்துக்கான அதிகபட்சத் தண்டனை தூக்கு. குறைந்தபட்சம் என்று சட்டம் எழுதிவிட்டால், விசாரணை நீதிபதி மனது வைத்தாலும் ஒரு நாளைக்கூடக் குறைக்க முடியாது. காதலித்துச் சேர்ந்து வாழ்ந்தவர்கள் ஒரு முறையோடு நிறுத்திக்கொள்வதில்லை என்பதால், இப்படிப்பட்ட இணைகளில் பெரும்பாலோருக்குப் பொருந்துவது 20 ஆண்டுக் கணக்குதான்.

இந்த நிலை அரசியல் சாசனத்துக்கு ஏற்புடையதா என்ற கேள்வி இப்போது உச்ச நீதிமன்றத்தில் இருக்கிறது. நிபுண் சக்சேனா எதிர் இந்திய ஒன்றியம் என்ற வழக்கில் நீதிமன்றத்துக்கு உதவும் மூத்த வழக்கறிஞர் இந்திரா ஜெய்சிங், 16 முதல் 18 வயதுக்குள் இருப்பவர்கள் தங்களுக்குள் மனமொத்துக் கொள்ளும் உறவைப் போக்சோவின் பிடியிலிருந்து விலக்க வேண்டும் என்று 2025-ல் எழுத்துப்பூர்வமாக வாதிட்டார். மத்திய அரசு அதைக் கடுமையாக எதிர்த்தது. 18 என்பது யோசித்து எடுத்த முடிவு, அதைத் தளர்த்தினால் குழந்தைகளைச் சூறையாடுபவர்களுக்கு வழி திறந்துவிடும் என்பது அரசின் நிலை. இரு தரப்புமே குழந்தைப் பாதுகாப்பின் பெயரால்தான் பேசுகின்றன. என் வாதத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். 18 என்ற வரம்பைக் குறைக்கக் கூடாது. ஆனால் ஏறக்குறைய ஒரே வயதுடைய இரண்டு இளம்பருவத்தினரை வேட்டையாடியவனும் வேட்டையாடப்பட்டவளுமாக நடத்தும் பகுதி சாசனத்தின் முன் நிற்காது. அதை மட்டும் நுணுக்கமாக வெட்டி எடுக்க முடியும், எடுக்கவும் வேண்டும்.

சம்மத வயது என்பது நம் நாட்டில் ரத்தம் சிந்தி உயர்ந்த எண். 1860-ல் இந்தியத் தண்டனைச் சட்டம் எழுதப்பட்டபோது அது 10. மனைவிக்கும் அதே 10-தான். கல்கத்தாவில் 1889-ல் ஃபுல்மணி என்ற சிறுமி, தன்னைவிட இருபது வயதுக்கு மேல் மூத்த கணவனால் உயிரிழந்தாள். அவளுக்குப் பத்து வயது கடந்திருந்ததால் அவன்மீது வல்லுறவுக் குற்றம் நிற்கவில்லை. அந்த மரணம் கிளப்பிய கொந்தளிப்பில்தான் 1891-ல் வயது 12 ஆனது. மதத்தில் அந்நிய அரசு கைவைப்பதா என்று திலகர் அதை எதிர்த்ததும் வரலாறு. 1925-ல் 14, 1940-களில் 16 என்று ஏறி, பிறகு எழுபது ஆண்டுக் காலம் அங்கேயே நின்றது. 2011-ல் மாநிலங்களவைக்கு வந்த போக்சோ மசோதாவில், 16-க்கும் 18-க்கும் இடைப்பட்டவர்களின் சம்மதத்தை நீதிமன்றம் கவனிக்க இடம் வைத்திருந்தார்கள். நாடாளுமன்ற நிலைக்குழு அதை எடுத்துவிடச் சொன்னது. சம்மதம் பற்றிய கேள்வி வந்தால் விசாரணை குற்றவாளியை விட்டுவிட்டுப் பாதிக்கப்பட்ட பிள்ளையைக் குடைய ஆரம்பிக்கும் என்பது குழு சொன்ன காரணம். லேசாக ஒதுக்கிவிடக்கூடிய காரணமல்ல அது, பின்னால் வருகிறேன். 2012 நவம்பர் 14 அன்று, குழந்தைகள் தினத்தில், 18 என்ற வரம்போடு போக்சோ நடைமுறைக்கு வந்தது. டெல்லி மாணவிக்கு நேர்ந்த கொடுமைக்குப் பின் அமைந்த நீதிபதி வர்மா குழு 2013 ஜனவரியில் 16 போதும் என்றது. மத்திய அமைச்சரவையும் ஒரு கட்டத்தில் 16-க்கு ஒப்புக்கொண்டு, அனைத்துக் கட்சிக் கூட்டத்துக்குப் பின் பின்வாங்கியது. ஆக, 18 என்பது யோசிக்காமல் வந்ததும் அல்ல, ஒருமித்த முடிவாக வந்ததும் அல்ல. ஒன்று மட்டும் உறுதி: 16-ஐ 18 ஆக உயர்த்தியபோது, அந்த இரண்டு ஆண்டு இடைவெளிக்குள் ஏற்கெனவே இருக்கும் பதின்பருவத்தினரை என்ன செய்வது என்று சட்டம் ஒரு வரிகூடச் சொல்லவில்லை.

மற்ற நாடுகள் இதை விட்டுவிடவில்லை. கனடா 2008-ல் சம்மத வயதை 14-லிருந்து 16 ஆக உயர்த்தியது. பிலிப்பைன்ஸ் 2022-ல் 12-லிருந்து 16-க்குப் போனது. ஜப்பான் 2023-ல் 13-லிருந்து 16-க்குப் போனது. மூன்றும் பாதுகாப்பைக் கூட்டிய சட்டங்கள். மூன்றிலும், இருவருக்கும் வயது வித்தியாசம் குறைவாக இருந்தால் குற்றமாகாது என்ற விதிவிலக்கு அதே சட்டத்தில் எழுதப்பட்டது. கனடாவிலும் ஜப்பானிலும் ஐந்து ஆண்டு, பிலிப்பைன்ஸில் மூன்று ஆண்டு என்று அளவு மாறுகிறது, அவ்வளவுதான். வயது நெருக்க விதிவிலக்கு என்றாலே ஏதோ மேலை நாட்டுத் தாராளம் என்று இங்கே முகம் சுளிப்பவர்கள், அது வயதை உயர்த்தும்போது கூடவே வரும் துணைப் பிரிவு என்பதைக் கவனிக்க வேண்டும். நாம் வயதை உயர்த்தினோம், துணைப் பிரிவை மறந்தோம்.

மறந்ததன் விளைவு வழக்குக் கட்டுகளில் தெரிகிறது. என்ஃபோல்ட் அமைப்பு, அசாம், மகாராஷ்டிரம், மேற்கு வங்கம் ஆகிய மூன்று மாநிலங்களின் சிறப்பு நீதிமன்றங்கள் 2016 முதல் 2020 வரை அளித்த 7,064 போக்சோ தீர்ப்புகளைப் படித்துப் பார்த்தது. அவற்றில் 1,715, அதாவது ஏறக்குறைய நான்கில் ஒன்று, காதல் வழக்கு. புகார் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் பெண்ணின் பெற்றோர் அல்லது உறவினர்கள். 93.8 சதவீத வழக்குகள் விடுதலையில் முடிந்தன. பெண் பிறழ் சாட்சியாவாள். அல்லது அவள் வயதைக் காட்டும் சான்றிதழில் சந்தேகம் எழும். அல்லது தண்டனையின் கனம் தெரிந்த நீதிபதி தப்பிக்க ஒரு வழி தேடுவார். விடுதலைதான் ஆகிவிட்டதே, பிறகென்ன என்று கேட்கலாம். விடுதலைக்கு முன்னால் கைது, ஜாமீன் மறுப்பு, வேலை இழப்பு, வாய்தா வாய்தாவாக ஓடும் ஆண்டுகள் எல்லாம் இருக்கின்றன. பெண்ணுக்கோ காப்பகம், படிப்பு நிறுத்தம், பிறந்துவிட்ட குழந்தை. அதைவிடக் கவலைக்குரியது இன்னொன்று: நான்கில் ஒரு பங்கு நேரத்தை இந்த வழக்குகளில் செலவிடும் போலீஸாருக்கும் நீதிமன்றங்களுக்கும், பக்கத்து வீட்டு மாமாவால் சீரழிக்கப்பட்ட ஏழு வயதுப் பிள்ளையின் வழக்குக்கு அந்த அளவு நேரம் குறைகிறது.

தமிழ்நாட்டில் இந்தக் கதைக்கு இன்னொரு முகம் உண்டு. அதன் பெயர் சாதி. மகள் வேறு சாதிப் பையனோடு போய்விட்டால் முன்பு கடத்தல் வழக்கு போடுவார்கள். அது எளிதில் பிசுபிசுத்துப் போகும். போக்சோ அப்படிப் போகாது. பெண்ணின் வயது 18-க்கு ஒரு நாள் குறைந்திருந்தாலும் போதும், பையன் உள்ளே. குழந்தைகளைக் காக்க எழுதிய சட்டம் வீட்டுக் கௌரவத்தைக் காக்கும் ஆயுதமாகக் கைமாறுகிறது. இதை முதலில் உரக்கச் சொன்ன நீதிமன்றங்களில் நம் சென்னை உயர் நீதிமன்றமும் ஒன்று என்பது நாம் பெருமைப்படத்தக்கது. 2019 ஏப்ரலில் நீதிபதி வி. பார்த்திபன், 16 வயதுக்கு மேற்பட்டவர்களின் மனமொத்த உறவைச் சட்டத்திலிருந்து விலக்கலாம் என்றும், அப்படி விலக்கும்போது இருவரின் வயது வித்தியாசம் ஐந்து ஆண்டுக்கு மேல் போகக் கூடாது என்றும் யோசனை சொன்னார். 2021 ஜனவரியில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், இளம்பருவக் காதலைத் தண்டிப்பது இச்சட்டத்தின் நோக்கமே அல்ல என்று கூறி ஒரு வழக்கை ரத்து செய்தார். 2022 டிசம்பரில் அன்றைய டிஜிபி சைலேந்திர பாபு, காதல் தொடர்பான போக்சோ வழக்குகளில் அவசரப்பட்டுக் கைது செய்யாமல் முதலில் சம்மன் அனுப்பி விசாரிக்கும்படியும், கைது தேவை என்றால் எஸ்.பி.யின் அனுமதி பெறும்படியும் சுற்றறிக்கை அனுப்பினார். நல்ல நடவடிக்கைதான். ஆனால் சுற்றறிக்கை சட்டமாகாது. அடுத்து வரும் அதிகாரி அதை மடித்து வைத்துவிடலாம்.

அரசியல் சாசனத்தின் எந்தப் பிரிவு இதில் அடிபடுகிறது? முதலில் பிரிவு 14. சமமற்றவர்களைச் சமமாக நடத்துவதும் சமத்துவ மீறல்தான் என்பது நம் நீதிமன்றங்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் கோட்பாடு. 45 வயது ஆசிரியர் 13 வயது மாணவிக்குச் செய்ததையும், 18 வயதுப் பையன் 17 வயதுக் காதலியோடு இருந்ததையும் ஒரே பிரிவில், தண்டனையைக் குறைக்க வழியில்லாமல் அடைப்பது அந்தக் கோட்பாட்டோடு மோதுகிறது. இருவருமே 17 வயது என்றால் முரண் இன்னும் பெரிது. போக்சோ பாதிக்கப்பட்டவர் ஆணா பெண்ணா என்று பார்ப்பதில்லை. ஆகவே சட்டப்படி இருவரும் குழந்தைகள், இருவருமே பாதிக்கப்பட்டவர்கள். நடைமுறையில் பையன்மீது மட்டுமே வழக்கு. இதில் 2015-ன் இளைஞர் நீதிச் சட்டத்தையும் சேர்த்துப் பாருங்கள். ஏழு ஆண்டு அல்லது அதற்கு மேல் குறைந்தபட்சத் தண்டனை உள்ள குற்றம் கொடுங்குற்றம்; அதில் சிக்கும் 16 வயது நிறைந்த சிறுவனை, அவனது மனமுதிர்ச்சியைச் சோதித்து, பெரியவர்களைப் போல விசாரிக்கலாம். தன் செயலின் விளைவு புரியும் அளவுக்கு முதிர்ந்தவன் என்று அவனைச் சிறைக்கு அனுப்ப ஒரு சட்டம் தயாராக இருக்கிறது. அதே செயலுக்குச் சம்மதிக்கும் முதிர்ச்சி அந்த வயதில் யாருக்கும் இருக்கவே முடியாது என்று இன்னொரு சட்டம் சொல்கிறது. இரண்டும் ஒரே நாடாளுமன்றம் இயற்றியவை.

அடுத்தது பிரிவு 21. 2017 ஆகஸ்டில் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்றார்கள். அந்த உரிமை பதினெட்டாவது பிறந்தநாளன்று நள்ளிரவில் திடீரென்று முளைப்பதல்ல. குழந்தைகளுக்கு அது முழுமையாக இல்லை, பெற்றோருக்கும் அரசுக்கும் தலையிட இடம் உண்டு என்பது சரி. ஆனால் தலையிடுவது வேறு, 20 ஆண்டு சிறை வைப்பது வேறு. ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையில் இந்தியா 1992-ல் இணைந்தது. போக்சோவின் முகப்புரையே அந்த உடன்படிக்கையைத்தான் ஆதாரம் காட்டுகிறது. அந்த உடன்படிக்கைக்கான குழு 2016-ல் வெளியிட்ட பொதுக் கருத்தில், ஒத்த வயதினர் சுரண்டலின்றி மனமொத்துக் கொள்ளும் உறவை நாடுகள் குற்றமாக்காமல் இருக்க வேண்டும் என்றே சொல்லியிருக்கிறது. அரசு முன்வைக்கும் கேடயம் பிரிவு 15(3): பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் சிறப்புச் சட்டம் இயற்ற அது அனுமதிக்கிறது. அனுமதிக்கிறது, ஆனால் ‘அவர்களுக்காக’. யாருக்காகச் சட்டம் எழுதப்பட்டதோ அந்தப் பெண்ணைக் காப்பகத்தில் அடைத்து, அவள் குழந்தையின் தகப்பனைச் சிறையில் வைத்து, அவள் சொல்லைக் குப்பையில் போடும் பயன்பாடு எப்படி அவளுக்கான சிறப்பு ஏற்பாடாகும் என்ற கேள்விக்கு அரசு இன்னும் பதில் சொல்லவில்லை.

இதே கேள்விக்குத் தென்னாப்பிரிக்காவின் அரசியலமைப்பு நீதிமன்றம் 2013 அக்டோபரில் பதில் சொல்லியிருக்கிறது. அங்கே சம்மத வயது 16. 2007-ல் வந்த பாலியல் குற்றச் சட்டம், 12 முதல் 15 வயதுக்குள் இருக்கும் இருவர் ஒருவரையொருவர் முத்தமிட்டால்கூட இருவரையும் குற்றவாளியாக்கியது. அதை எதிர்த்து நீதிமன்றம் போனது யார் என்பதுதான் கவனிக்க வேண்டியது. ‘டெடி பியர் கிளினிக்’, பாலியல் வன்கொடுமைக்கு ஆளான குழந்தைகளுக்குச் சிகிச்சையும் ஆதரவும் தரும் அமைப்பு. அன்றாடம் பாதிக்கப்பட்ட பிள்ளைகளோடு இருப்பவர்கள்தான் இந்தச் சட்டம் பிள்ளைகளைக் காயப்படுத்துகிறது என்றார்கள். நீதிபதி சிசி காம்பெபே ஒருமித்த தீர்ப்பை எழுதினார். பிள்ளைகள் அந்த வயதில் உறவு கொள்ளலாமா கூடாதா என்பது எங்கள் முன் உள்ள கேள்வியே இல்லை. அதைத் தடுக்கக் குற்றவியல் சட்டத்தை ஏவலாமா என்பதே கேள்வி என்று அவர் வகுத்துக்கொண்டார். தண்டனை பயம் பிள்ளைகளைத் தடுத்ததாக அரசால் காட்ட முடியவில்லை. பயத்தால் அவர்கள் பெற்றோரிடமும் மருத்துவரிடமும் பேசுவதை நிறுத்தினார்கள் என்று நிபுணர்கள் காட்டினார்கள். கண்ணியம், அந்தரங்கம், குழந்தையின் நலனே முதன்மை என்ற மூன்று உரிமைகளும் மீறப்பட்டதாக நீதிமன்றம் அறிவித்தது. பெரியவர்கள் குழந்தைகளிடம் செய்யும் குற்றங்களைப் பற்றிய பிரிவுகளில் கைவைக்கவில்லை. சட்டத்தைத் திருத்த நாடாளுமன்றத்துக்கு 18 மாதம் கொடுத்தது. 2015-ல் திருத்தமும் வந்தது.

நுணுக்கமாக வெட்ட வேண்டும் என்று நான் வலியுறுத்துவதற்குக் காரணம், அப்படி வெட்டாத இரண்டு தீர்ப்புகள். அயர்லாந்தில் 1935-ம் ஆண்டுச் சட்டம் ஒன்று, 15 வயதுக்குட்பட்ட பெண்ணோடு உறவு கொண்டவர், அவள் வயதை நியாயமாகத் தவறாக நினைத்திருந்தால்கூட அதைச் சொல்லித் தப்ப முடியாது என்று வைத்திருந்தது. குற்ற மனமே இல்லாதவரைத் தண்டிப்பது சாசன விரோதம் என்று 2006 மே 23 அன்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் முழுப் பிரிவையும் ரத்து செய்தது. தர்க்கம் சரி. ஒரே வாரத்தில், 12 வயதுச் சிறுமியைச் சீரழித்துத் தண்டனை அனுபவித்துக்கொண்டிருந்தவன், ரத்தான சட்டத்தில் என்னை எப்படி அடைத்து வைப்பீர்கள் என்று கேட்டு வெளியே வந்துவிட்டான். நாடு கொதித்தது. ஜூன் 2 அன்று உச்ச நீதிமன்றம் அவனை மீண்டும் சிறைக்கு அனுப்பியது; அதே நாளில் அவசரமாகப் புதுச் சட்டமும் நிறைவேறியது. இரண்டாவது உதாரணம் நமக்குப் பக்கத்தில். இலங்கையில் சம்மத வயது 16. மீறினால் குறைந்தபட்சம் 10 ஆண்டு. மனமொத்த உறவு பற்றிய ஒரு வழக்கில் அனுராதபுரம் உயர் நீதிமன்றம் அனுப்பிய கேள்விக்கு, 2008-ல் இலங்கை உச்ச நீதிமன்றம், கட்டாயக் குறைந்தபட்சத் தண்டனை நீதிபதியின் அதிகாரத்தையும் சமத்துவத்தையும் மீறுகிறது என்று பதில் சொன்னது. அந்த வழக்குக்கு அது நியாயம். ஆனால் எந்த வகை வழக்குக்கு இது பொருந்தும், எதற்குப் பொருந்தாது என்ற வேலி போதிய அளவு போடப்படவில்லை. அடுத்தடுத்த ஆண்டுகளில், சிறுமிகளிடம் குற்றம் செய்த பெரியவர்களுக்குக்கூட ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை கொடுக்கப்பட்டு, பெண்கள் அமைப்புகள் வீதிக்கு வரும் நிலை ஏற்பட்டது. இங்கே போக்சோவை எதிர்த்து வாதிடுபவர்கள் இந்த இரண்டையும் மேசையில் வைத்துக்கொண்டுதான் வாதிட வேண்டும்.

அரசின் முக்கிய ஆட்சேபத்துக்கு வருவோம். 2007-ல் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் எடுத்த ஆய்வில் 53.22 சதவீதக் குழந்தைகள் ஏதேனும் ஒரு வகைப் பாலியல் கொடுமைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். செய்தவர்களில் பாதிப் பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், நம்பிக்கைக்குரிய இடத்தில் இருந்தவர்கள். சம்மதம் என்ற வாசலைத் திறந்தால் இவர்களெல்லாம் ‘அவளும் விரும்பினாள்’ என்று சொல்லிக்கொண்டு அதன் வழியாக வெளியேறுவார்கள் என்கிறது அரசு. வயதை 16 ஆகக் குறைத்தால் இந்த பயம் முழுக்க நியாயம். 40 வயது மாமாவுக்கும் 16 வயதுப் பெண்ணுக்கும் நடுவே சம்மதம் என்று ஒன்று இருக்க முடியாது. ஆகவேதான் வயதைக் குறைக்காதீர்கள் என்கிறேன். வயது நெருக்க விதிவிலக்கு அந்த மாமாவுக்கு உதவாது. அது ஆசிரியருக்கோ, பயிற்சியாளருக்கோ, விடுதிக் காப்பாளருக்கோ, உறவினருக்கோ பொருந்தாது என்று வெளிப்படையாக எழுதிவிடலாம். பணம், போதை, ஆள்கடத்தல், அந்தரங்கப் படத்தை வைத்து மிரட்டல் ஆகியவை இருந்தாலும் பொருந்தாது. வயது இடைவெளி எவ்வளவு இருக்கலாம் என்பதில் நீதிபதி பார்த்திபனின் ஐந்து ஆண்டைவிடக் குறைவையே நான் விரும்புவேன். 16 வயதுப் பெண் பத்தாம் வகுப்போ பதினொன்றோ படிப்பவள். 21 வயது ஆண் சம்பாதிக்கத் தொடங்கியவன். அந்த இடத்தில் அதிகாரம் ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறது. நான்கைத் தாண்டாமல் இருப்பது நல்லது.

நிலைக்குழு 2011-ல் எழுப்பிய ஆட்சேபம் இதைவிடக் கூர்மையானது. சம்மதம் ஒரு தற்காப்பாக வந்தால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் பெண்ணைக் கூண்டில் ஏற்றி அவள் நடத்தையைக் கிளறுவார். ஒத்த வயதுப் பையன்களும் வல்லுறவு செய்கிறார்கள் என்பதை யாரும் மறுக்க முடியாது. இதற்கு ஒரு வழி இருக்கிறது. சம்மதத்தை நிரூபிக்கும் உரிமையைப் பையனின் வழக்கறிஞரிடம் கொடுக்காமல், பெண்ணின் வாக்குமூலத்திடம் கொடுக்கலாம். மாஜிஸ்திரேட் முன், பெற்றோரும் பையன் வீட்டாரும் இல்லாத அறையில், ஆதரவு நபர் உடனிருக்க, கட்டாயம் எதுவுமில்லை என்று அவளே சொன்னால் மட்டும் விதிவிலக்கு திறக்கட்டும். கட்டாயப்படுத்தினான் என்று அவள் சொன்னால், குற்றம் நடந்ததாக அனுமானிக்கும் 29-வது பிரிவு உட்பட இன்றைய சட்டம் முழுமையாக இயங்கட்டும். அவளை மிரட்டிச் சொல்ல வைப்பார்களே என்றால், ஆமாம், சில வழக்குகளில் வைப்பார்கள். இன்று பெற்றோர் மிரட்டிச் சொல்ல வைக்கிறார்கள்; அதற்கு எந்தக் காவலும் இல்லை.

சட்ட ஆணையம் 2023 செப்டம்பரில் தந்த 283-வது அறிக்கையில் நடுவழி ஒன்றைச் சொன்னது. வயதைக் குறைக்க வேண்டாம். 16-18 வழக்குகளில் தண்டனை விதிக்கும்போது நீதிபதிக்கு வழிகாட்டுதலோடு கூடிய விருப்புரிமை கொடுக்கலாம். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் மருந்து நோய் முற்றிய பிறகே வருகிறது. கைது, சிறை, விசாரணை எல்லாம் முடிந்து, குற்றவாளி என்று முத்திரை விழுந்த பின்தான் இந்த விருப்புரிமை வேலை செய்யும். மேற்கு வங்க வழக்கு ஒன்று இதற்குச் சாட்சி. 14 வயதுப் பெண், 25 வயது ஆண். விசாரணை நீதிமன்றம் 20 ஆண்டு கொடுத்தது. 2023-ல் கல்கத்தா உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது; கூடவே பெண்பிள்ளைகள் தங்கள் இச்சையை அடக்கிக்கொள்ள வேண்டும் என்று தேவையற்ற உபதேசமும் செய்தது. உச்ச நீதிமன்றம் அதைக் கண்டித்து 2024 ஆகஸ்டில் தண்டனைத் தீர்ப்பை மீட்டது. பிறகு நிபுணர் குழு அந்தப் பெண்ணைச் சந்தித்தது. சட்டம் குற்றம் என்று சொன்னதை அவள் குற்றமாகக் கருதவில்லை, அவளை உடைத்தது போலீஸும் கோர்ட்டும் கணவரை மீட்க அவள் பட்ட கடனும்தான் என்று குழு கண்டது. 2025 மே மாதம் நீதிபதிகள் அபய் எஸ். ஓகாவும் உஜ்ஜல் புயானும், தங்கள் தனி அதிகாரமான பிரிவு 142-ஐப் பயன்படுத்தி, சிறைத் தண்டனை எதுவும் இல்லை என்று முடித்தார்கள். இந்த வழக்கு என் வாதத்துக்கு முழுதாக உதவாது. 11 ஆண்டு இடைவெளியும் 14 வயதும் நான் சொல்லும் விதிவிலக்கில் அடங்காது, அடங்கவும் கூடாது. ஆனால் விருப்புரிமை என்பது நடைமுறையில் எவ்வளவு தூரம் போய்த்தான் கிடைக்கிறது என்பதை இது காட்டுகிறது. பிரிவு 142 மாவட்ட நீதிபதியிடம் இல்லை, உயர் நீதிமன்றத்திடமும் இல்லை.

உடல்நலத்தின் பக்கம் இன்னும் அவசரமானது. போக்சோவின் 19-வது பிரிவின்படி, குற்றம் நடந்தது தெரிந்த எவரும் போலீஸுக்குச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் தண்டனை உண்டு. ஆகவே வயிற்று வலி என்று அரசு மருத்துவமனைக்கு வரும் 17 வயதுக் கர்ப்பிணியின் பிறந்த தேதியை நர்ஸ் எழுதும் கணத்திலேயே ஒரு வழக்கு பிறந்துவிடுகிறது. இது தெரிந்தவர்கள் மருத்துவமனைக்கு வருவதில்லை. மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு, ரத்தப்போக்கு நிற்காதபோதுதான் வருகிறார்கள். 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், கருக்கலைப்புக்கு வரும் மைனர் பெண் கேட்டுக்கொண்டால் அவள் பெயரை போலீஸுக்குத் தர வேண்டியதில்லை என்று சற்றுத் தளர்த்தியது. எத்தனை பிரசவ வார்டுகளுக்கு இந்தத் தீர்ப்பு போய்ச் சேர்ந்திருக்கிறது என்பது வேறு விஷயம். விதிவிலக்கு வந்தால் வயது நெருக்கமான வழக்குகளில் தகவல் போக வேண்டிய இடம் குழந்தைகள் நலக் குழுவாக மாற வேண்டும். காவல் நிலையம் இரண்டாவது கட்டமாக இருக்கட்டும்.

விதிவிலக்கு கொடுத்தால் குழந்தைத் திருமணம் பெருகும் என்ற அச்சமும் உண்டு. குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் தனியாக நிற்கிறது. 18-க்குக் கீழான மனைவியிடம் கணவன் கொள்ளும் உறவும் குற்றமே என்று 2017 அக்டோபரில் நீதிபதிகள் மதன் லோகூரும் தீபக் குப்தாவும் தீர்ப்பளித்ததால், தாலி கட்டுவது கேடயமாகாது. பாரதிய நியாய சன்ஹிதாவும் அதையே ஏற்றுக்கொண்டது. உண்மையில் திருமணத்தை அவசரப்படுத்துவது இன்றைய நிலைதான்: கேஸிலிருந்து பையனை மீட்க, பெண்ணுக்கு 18 நிறைந்த மறுவாரமே கல்யாணம் செய்து, அந்தப் பத்திரிகையோடு வழக்கை ரத்து செய்யக் கோரி உயர் நீதிமன்றத்துக்கு ஓடுகிறார்கள். பிரிந்துபோக வேண்டிய இரண்டு பேர் வழக்குக்குப் பயந்து வாழ்நாள் முழுக்கக் கட்டப்படுகிறார்கள்.

எஞ்சியிருப்பது இதை யார் செய்வது என்பது மட்டும். வயது எண்களை நிர்ணயிப்பது நாடாளுமன்றத்தின் வேலை என்று மத்திய அரசு சொல்வதில் நியாயம் இருக்கிறது. 16, நான்கு ஆண்டு, எந்தெந்த உறவுகளுக்குப் பொருந்தாது என்பதெல்லாம் விவாதித்து எழுத வேண்டியவை. ஆனால் அந்த வேலையைச் செய்ய 2012-லிருந்து அதற்கு வாய்ப்பு இருந்தது. 2019-ல் சட்டத்தைத் திருத்தியபோதும் தண்டனையைக் கூட்டியதோடு நிறுத்திக்கொண்டது. அதனால் உச்ச நீதிமன்றம் தென்னாப்பிரிக்க வழியில் போகலாம். ஒத்த வயதினரின் மனமொத்த உறவுக்குப் போக்சோவைப் பயன்படுத்துவது பிரிவு 14-க்கும் 21-க்கும் முரணானது என்று அந்த அளவுக்கு மட்டும் அறிவித்து, மற்றெல்லாப் பிரிவுகளும் தீண்டப்படவில்லை என்பதையும், ஏற்கெனவே தண்டனை பெற்ற பெரியவர்கள் எவருக்கும் இது பொருந்தாது என்பதையும் தீர்ப்பிலேயே எழுதி, சட்டத்தை முறைப்படுத்த நாடாளுமன்றத்துக்குக் காலக்கெடு கொடுக்கலாம். அதுவரை தமிழ்நாட்டில் ஒரு 19 வயதுப் பையன் கைதாவதும் ஆகாததும் 2022-ன் ஒரு சுற்றறிக்கையையும், அதைப் படித்திருக்கும் இன்ஸ்பெக்டரையும் பொறுத்தது.